பேய்க்கு மனநலச் சான்றிதழ் எதற்கு?

பேய்ப் படம் ஒன்று ஓரளவு பேசப்பட்டால் போதும், மறுநாளே அதற்கு விளக்கவுரை வந்துவிடுகிறது. இது பேய்ப் படமே அல்லவாம், ட்ராமாவைப் பற்றிய படமாம். பேய் என்பது நாயகியின் ஆறாத மனக்காயம். சிலுவையும் திருநீறும் ஊர் மெச்சப் போட்ட அலங்காரம். கடைசியில் அவள் பேயை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் காயத்தை எதிர்கொண்டு குணமடைந்துவிட்டாள் என்று பொருள். இவ்வளவும் சொல்லி முடித்ததும் படம் உயர்ந்த ரகத்தில் சேர்ந்துவிடுகிறது. அதை ரசித்துப் பார்த்த படித்தவரும் மூடநம்பிக்கைக் குற்றத்திலிருந்து விடுதலை பெறுகிறார்.

இந்தப் பார்வை ஆழமானதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். அது படங்களைத் தப்பாகப் படிக்கிறது. செய்த குற்றத்தையும் இழைத்த அநீதியையும் நோய் என்று பெயர் மாற்றி எழுதுகிறது. குணமாவதை நோயுற்றவரே தனியாக முடிக்கவேண்டிய வீட்டுப்பாடமாகச் சுருக்குகிறது. பேய் நிஜமா என்று கேட்டால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு படம் பேயை நிஜமென்று வைத்துக் கதை சொன்னால், அந்தக் கதையின் கணக்கை அந்தக் கதையின் விதிப்படிதான் பார்க்கவேண்டும். பாதியில் நுழைந்து விதியை மாற்றிவிட்டு, விடை சரியாக வந்துவிட்டது என்று மகிழக் கூடாது.

பேய் பிடித்த பெண்ணின் கதை என்றால் எல்லோரும் கைகாட்டும் படம் ‘தி எக்ஸார்சிஸ்ட்’. வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971இல் வெளியிட்ட நாவலை வில்லியம் ஃப்ரீட்கின் 1973இல் படமாக்கினார். சிறுமி ரீகனுக்குப் பேய் பிடிக்கிறது. உரைகாரர்களின் விளக்கம் தயார். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பிறந்தநாளுக்குக்கூட அப்பா தொலைபேசியில் கூப்பிடவில்லை. அம்மா கிறிஸ் ஓய்வில்லாத சினிமா நடிகை. மகளின் ஏக்கமும் கோபமும்தான் பேயாகக் கிளம்புகின்றன.

படத்துக்குள்ளேயே இந்த விளக்கம் சொல்லப்பட்டுத் தோற்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கிறிஸ் கடவுள் நம்பிக்கை இல்லாதவள். மகளை அவள் முதலில் கொண்டுபோவது மருத்துவர்களிடம்தான். மூளையில் கோளாறு என்கிறார்கள். கழுத்தில் ஊசி ஏற்றி ரத்தக் குழாய்களைப் படமெடுக்கிறார்கள். தலை பின்பக்கம் திரும்பும் காட்சியைத் தாங்கியவர்கள்கூட அந்த ஊசிக் காட்சியில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். படங்களில் எதுவும் தெரியவில்லை. மனநல மருத்துவர்கள் வருகிறார்கள், ஹிப்னாடிசம் நடக்கிறது, அதிலும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் மருத்துவர்களே கூடி உட்கார்ந்து பேயோட்டலைப் பரிந்துரைக்கிறார்கள். பேய் பிடித்ததாக அவள் நம்புகிறாள், ஓட்டிவிட்டதாகவும் நம்பினால் சரியாகிவிடலாம் என்பது அவர்கள் வாதம். பேய் மனத்தின் தோற்றம், சடங்கு வெறும் நம்பவைத்தல் என்ற கருத்தை ஃப்ரீட்கின் ஒரு மருத்துவரின் வாயிலேயே வைத்து, விசாரித்து, போதாது என்று தள்ளிவிடுகிறார். 1973இல் படம் தள்ளிவிட்டதைப் பொறுக்கியெடுத்து, இன்று புது வெளிச்சம் என்று நம்மிடம் நீட்டுகிறார்கள்.

அப்படியானால் படத்தில் மனக்காயமே இல்லையா? இருக்கிறது. அது ரீகனிடம் இல்லை, பாதிரியார் கராஸிடம் இருக்கிறது. அவர் மனநல மருத்துவமும் படித்தவர். வயதான தாயை நியூயார்க்கில் தனியே விட்டிருந்தார். வசதியில்லாததால் அவளை அரசு மருத்துவமனையின் மனநோயாளிகள் பிரிவில் சேர்க்க நேர்ந்தது. பிறகு அவள் தன் வீட்டில் தனியாகவே செத்துப்போனாள். கட்டிலில் கிடக்கும் பேய் அந்தத் தாயின் குரலில் பேசி கராஸை உடைக்கப் பார்க்கிறது. காயத்தை ஆயுதமாக எடுக்கும் பேயும் அந்தக் காயமும் எப்படி ஒன்றாகும்? வீட்டுக்குள் புகுந்த திருடனையும் திறந்து கிடந்த சன்னலையும் நாம் ஒன்றென்று சொல்வதில்லை.

மூத்த பாதிரியார் மெரின் இதை இன்னும் தெளிவாக விளக்குகிறார். 1973 பதிப்பில் வெட்டப்பட்டு 2000இல் வெளியான பதிப்பில் சேர்ந்த காட்சி அது. இந்தச் சிறுமிக்கு ஏன் என்று கராஸ் கேட்கிறார். பேயின் குறி சிறுமி அல்ல, சுற்றி நின்று பார்ப்பவர்கள்தான் என்கிற பொருளில் மெரின் பதில் சொல்கிறார். மனிதர் வெறும் விலங்கு, அருவருப்பானவர், அன்புக்குத் தகுதியற்றவர் என்று நம்மை நம்பவைப்பதே அதன் வேலை. கத்தோலிக்க நம்பிக்கையாளரான பிளாட்டி எழுதிய கதையின் அச்சு இதுதான். சேறுபோல் நாறும் அறையில் வசை பொழியும் ஓர் உடல் கிடக்கிறது. அதை இன்னமும் குழந்தை என்று கருதி யாராவது அருகில் போவார்களா? இந்தக் கேள்வி ரீகனிடம் கேட்கப்பட்டது அல்ல, மற்றவர்களிடம் கேட்கப்பட்டது. விடை சொல்பவர் கராஸ். பேயைத் தனக்குள் வரச்சொல்லிச் சன்னல் வழியே பாய்ந்து சாகிறார். ரீகனுக்கு எதுவுமே நினைவில்லை. அவள் எதையும் எதிர்கொள்ளவில்லை, எதையும் பேசித் தீர்க்கவில்லை. இன்னொருவர் தன் உயிரைக் கொடுத்ததால் பிழைத்தாள். காயத்தை எதிர்கொண்டால் குணம் என்ற சூத்திரத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இருக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி ஜெனிஃபர் கென்ட் இயக்கிய ‘தி பாபடூக்’ (2014). பிரசவத்துக்கு மனைவியை அழைத்துப்போகும் வழியில் விபத்தில் கணவன் சாகிறான். துக்கத்தைப் பேசவே மறுக்கும் அந்த விதவையைக் கதைப்புத்தகத்துப் பூதம் ஒன்று பற்றிக்கொள்கிறது. இறுதியில் பூதம் சாவதில்லை. நிலவறையில் அதை அடைத்து, தினமும் புழுக்களைத் தீனியாக வைத்து அவள் வாழப் பழகுகிறாள். இது துக்கத்தின் உருவகம்தான், மறுக்கவில்லை. கென்ட் அப்படித்தான் கட்டியிருக்கிறார், அருமையாகவும் கட்டியிருக்கிறார். ஒரு படத்துக்குப் பொருந்திய சட்டையை எல்லாப் பேய்களுக்கும் மாட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

அந்தச் சட்டையைக் கிழித்தெறியும் படங்களும் உண்டு. ஆரி ஆஸ்டரின் ‘ஹெரிடிட்டரி’யை (2018) குடும்பத் துக்கத்தின் உருவகம் என்று எழுதாதவர் குறைவு. அந்தப் படத்தில் தாய் ஆனி ஆறுதல் தேடித் துக்கம் பகிரும் குழுவுக்குப் போகிறாள். ஆவியை அழைக்கச் சொல்லித்தரும் தோழி அங்கேதான் அறிமுகமாகிறாள். அந்தத் தோழி, ஆனியின் குடும்பத்தை அழிக்க வந்த கூட்டத்தின் ஆள். துக்கத்தைத் திறந்து பேசிய இடமே தூண்டிலாகிறது. பார்க்கர் ஃபின்னின் ‘ஸ்மைல்’ (2022) இன்னும் குறும்பானது. அதன் நாயகியே மனநல மருத்துவர். தாயின் சாவு நடந்த பழைய வீட்டுக்குத் திரும்பிப்போய், சிறுவயதுக் குற்றவுணர்வைச் சந்தித்து, பேயை எரித்துவிட்டு வெளியேறுகிறாள். விமர்சகர் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்தக் கணத்தில், அத்தனையும் பேய் காட்டிய மாயம் என்று தெரிகிறது. அவள் இன்னும் அதே வீட்டில்தான் நிற்கிறாள். பேய் அவளுக்குள் புகுகிறது. காயத்தை எதிர்கொள் என்ற உபதேசத்தைப் படமே கேலி செய்கிறது. அந்தப் படத்தையும் அதே உபதேசத்தின் உதாரணமாகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்.

படங்களைத் தப்பாகப் படிப்பது சின்னக் குற்றம். பெரிய குற்றம் அறம் சார்ந்தது. ரெமி வீக்ஸின் ‘ஹிஸ் ஹவுஸ்’ (2020) படத்தில், தெற்கு சூடானின் கொலைவெறிக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்த போல், ரியால் தம்பதி அரசு தந்த பாழடைந்த வீட்டில் குடியேறுகிறார்கள். சுவருக்குள்ளிருந்து பேய்கள் வருகின்றன. அகதிகளின் ட்ராமா என்று இங்கேயும் ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் கதை மெல்ல அவிழும்போது வேறொன்று தெரிகிறது. தப்பிக்கும் பேருந்தில் குழந்தை உள்ளவர்களுக்கே இடம் என்றபோது, யாரோ ஒருத்தியின் மகளைத் தன் மகள் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு ஏறியவன் அந்தக் கணவன்தான். பெற்றவள் பின்னால் ஓடிவந்தாள். அந்தச் சிறுமி பிறகு கடலில் மூழ்கிச் செத்தாள். வீட்டில் இருக்கும் பேய் கேட்பது அந்தக் கடனை.

மனக்காயம் ஒருவருக்கு நேர்வது. பாவம் ஒருவர் செய்வது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் செத்த சிறுமி கதையிலிருந்து காணாமல் போய்விடுவாள். போலும் ரியாலும் அந்த வீட்டிலேயே இருக்க முடிவெடுக்கிறார்கள், செத்தவர்களையும் உடன் வைத்துக்கொண்டு. அதைக் குணமாகிவிட்டது என்று சொல்வதைவிட, கடனை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்வதே பொருத்தம். நம்பிக்கை மரபுகளில் பாவம், கடன், பரிகாரம் என்று இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. ட்ராமா உரை அதையெல்லாம் துடைத்துவிட்டு, எல்லோரையும் நோயாளிகளாக ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே இந்தப் பார்வையின் செல்லப் பிள்ளை ‘சந்திரமுகி’ (2005). பாசில் 1993இல் மலையாளத்தில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’ கன்னடம் வழியாகச் சுற்றி, பி. வாசுவின் கையில் தமிழுக்கு வந்தது. பேய் என்று ஊரே நம்பும்போது அது நோய்தான் என்று ஒரு மனநல மருத்துவர் சொல்கிறார். ஆகவே இது அறிவியல் படமாம், ‘காஞ்சனா’ (2011) போன்றவை பாமரப் படங்களாம்.

மூலக் கதையையே எடுத்துக்கொள்வோம். நாயகி கங்காவின் நோய்க்கு மருத்துவர் சன்னி சொல்லும் காரணம் அவளுடைய குழந்தைப் பருவம். பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த தனிமை, அங்கிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி. இது அசல் ட்ராமா விளக்கம். ஆனால் சிகிச்சை அந்தக் குழந்தைப் பருவத்தைத் தொடவே இல்லை. மந்திரவாதி சடங்கு நடத்துகிறார், பலகை சுழல்கிறது, எதிரியின் இடத்தில் பொம்மை வந்து நிற்கிறது, கங்காவுக்குள் வந்த நாகவல்லி பழிவாங்கித் தணிகிறாள். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கொலையுண்ட நாட்டியக்காரிக்குப் பல தலைமுறை தாமதமாக ஒரு நீதி வழங்கப்படுகிறது. கங்கா பிழைக்கிறாள். நாகவல்லியின் இடத்தில் சந்திரமுகியும் அவள் எதிரியாக வேட்டையனும் நிற்கும் தமிழ்ப் படத்திலும் கணக்கு இதுவே. மருத்துவர் வாயால் நோய் என்கிறார், கையால் பேயின் வழக்கை ஏற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறார். படத்தின் உயிர் அந்தக் கையில்தான் இருக்கிறது. கங்காவின் குழந்தைப் பருவத்தை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. நாகவல்லியை யாரும் மறப்பதில்லை.

‘காஞ்சனா’வோ வாயாலும் மறைக்கவில்லை. வீட்டார் ஒதுக்கிய திருநங்கை ஒருத்தி மருத்துவமனை கட்ட நிலம் வாங்குகிறாள். அரசியல்வாதி அதைப் பறிக்கிறான். தட்டிக்கேட்டவளும் அவளுக்கு அடைக்கலம் தந்த இஸ்லாமியரும் அவர் மகனும் கொல்லப்படுகிறார்கள். மூவரும் சேர்ந்து ஒரு பயந்தாங்கொள்ளி இளைஞனின் உடலில் ஏறுகிறார்கள். ராகவா லாரன்ஸின் இரைச்சல், அடிதடி, சலிப்பூட்டும் நகைச்சுவை எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது ஒரு புகார் மனு. அந்த இளைஞனுக்கு எந்த மனக்காயமும் இல்லை. அவன் வெறும் வாய். பேசுவது செத்தவர்கள். நிலப்பறிப்பும் கொலையும் நோய் அல்ல, ஆறுதல் சொல்லி ஆற்ற.

இந்தப் படங்களுக்குப் பின்னால் ஊரில் நடக்கும் சடங்கு ஒன்று இருக்கிறது. பம்பையோ உடுக்கையோ அடித்துப் பேயை ஆடவைத்த பிறகு கேட்பது என்ன? நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், எங்கே இவளைப் பிடித்தாய், என்ன கொடுத்தால் போவாய். இது முழுக்க விசாரணை. பேயைப் பேசவிடாமல் விரட்டுவதில்லை. மற்ற நாட்களில் வாயைத் திறக்க முடியாத ஒருத்தியின் வாயிலிருந்து வரும் பேச்சை ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கிறது.

இதை நான் மெச்சிக் கொண்டாட வரவில்லை. தென்னார்க்காட்டுப் பகுதியில் களப்பணி செய்த மானுடவியலாளர் இசபெல் நபக்கோவ், 2000இல் வெளியான தன் நூலில் கூர்மையான ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார். பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாக மணமான பெண்களை. பேயாக வருபவன் காதலில் தோற்றுச் செத்த இளைஞன். அவள் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்துப் பேயை ஓட்டும்போது, கணவன் வீட்டை விரும்பாத அவளுடைய மனத்தையும் சேர்த்தே ஆணியடிக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். சடங்கு கேட்கிறது, ஆனால் தீர்ப்பைப் பல நேரம் குடும்பத்துக்குச் சாதகமாகவே எழுதுகிறது. இது சரியான விமர்சனம். கவனியுங்கள், இந்த விமர்சனத்தைச் செய்ய நபக்கோவ் பேயை உருவகமாக்கிச் சடங்கைத் தாண்டிப்போகவில்லை. சடங்குக்குள் இறங்கி, யார் பேசுகிறார்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தார். பேய்ப் பட விமர்சனமும் செய்யவேண்டியது அதைத்தான்.

ஒரு வலுவான எதிர்வாதம் பாக்கி இருக்கிறது. பேயைப் பேயாகவே எடுத்துக்கொண்டால் ஆள் செத்துப்போவார்கள் என்பார்கள். செத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த அன்னலீஸ் மிஷேல் என்ற மாணவிக்கு 1975, 76இல் இரண்டு பாதிரியார்கள் 67 முறை பேயோட்டினார்கள். 1976 ஜூலை 1 அன்று, 23ஆம் வயதில், உணவின்றி மெலிந்து நீரும் வற்றிய உடலோடு அவள் இறந்தாள். எடை ஏறக்குறைய 30 கிலோ. 1978இல் பெற்றோரும் அந்தப் பாதிரியார்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள். நமக்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை ஒட்டிய தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றிக் கருகினார்கள்.

இந்தச் சாவுகளுக்கு முன் எந்தச் சாக்கும் சொல்லக் கூடாது. ஆனால் அவை எதைக் காட்டுகின்றன? அன்னலீஸின் இறுதி மாதங்களில் அவள் உடலுக்கு முறையான மருத்துவச் சிகிச்சை நடக்கவில்லை. ஏர்வாடியில் கட்டிப்போடப்பட்டவர்களின் அருகில் குடும்பமும் இல்லை, அரசு மருத்துவமும் இல்லை. நம்பிக்கை மருந்தை வெளியே தள்ளியபோதும், மனிதரைக் கட்டிவைத்துவிட்டு எல்லோரும் விலகிப்போனபோதும் ஆள் செத்தார்கள். அன்னலீஸின் கதையைத் தழுவி ஹான்ஸ் கிறிஸ்டியான் ஷ்மிட் எடுத்த ‘ரெக்விம்’ (2006) பேயைக் காட்டவே இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பெண்ணின் பக்தியை அது ஏளனம் செய்யவில்லை, நோயின் அறிகுறியாகவும் சுருக்கவில்லை. சாண்ட்ரா ஹூல்லர் நடித்த அந்தப் பெண் நம்பிக்கையும் நோயும் ஒருங்கே உள்ள முழு மனுஷியாக நிற்கிறாள். சுற்றியுள்ளவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தவறவிடுவதே படத்தின் பயங்கரம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சில வாரங்கள் தங்கியவர்களின் நோய்க்குறிகள் சராசரியாக ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே தனிப்பட்ட பேயோட்டும் சடங்கு எதுவும் இருக்கவில்லை. உறவினர் ஒருவர் உடன் தங்கினார், கோயில் வேலைகளில் நோயாளியும் பங்கெடுத்தார், யாரும் அவரை விரட்டவில்லை. சிறிய ஆய்வு, அதை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் உடனிருப்பு உதவக்கூடும் என்று சொல்ல அது இடம் தருகிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிறகு துவா என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு வழிசெய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடுகூட சமய வழக்கத்துக்குள் நடக்கும் அருள் வருதலை நோய்ப் பட்டியலில் சேர்ப்பதில்லை, விரும்பாமல் வந்து வாழ்க்கையைக் குலைப்பதை மட்டுமே சேர்க்கிறது. மருத்துவத்துக்கே உள்ள இந்த நிதானம் நம் திரை விமர்சகர்களிடம் இல்லை.

ட்ராமா உரையின் அடியில் இருப்பது ஒரு தனிமனிதக் கனவு. காயம் உன்னுடையது, பேய் உன்னுடையது, குணப்படுத்திக்கொள்ளும் பொறுப்பும் உன்னுடையது. குணமாகவில்லை என்றால் நீ சரியாக எதிர்கொள்ளவில்லை. பேயோட்டும் கதைகள், அவற்றில் மட்டமானவைகூட, இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. பேய் பிடித்தவர் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாது. யாராவது வந்தாக வேண்டும், கேட்டாக வேண்டும், கடனைத் தீர்த்தாக வேண்டும். நம்பிக்கை இந்தக் கதைகளில் அலங்காரமாக வரவில்லை. அந்த யாராவது ஒருவரை வாசற்படி தாண்டி உள்ளே வரவைக்கும் காரணமாக வருகிறது.

ஆகவே விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். பேய்ப் படத்துக்கு மதிப்பு தேடித்தர மனநலச் சான்றிதழ் வாங்கி ஒட்டாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மனம் குலைந்தால் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள், உடன் இருங்கள். திரையில் பேய் வந்தால் அது என்ன கேட்கிறது, யாரிடம் கேட்கிறது, கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். அதை எழுதாத விமர்சனம் படத்தை இன்னும் பார்க்கவில்லை.